கேமராவோட நாள் பூரா நடக்கணுமா? எடைய கழுத்துல இருந்து இடுப்புக்கு எறக்குங்க

தை பொறக்குறதுக்கு முன்னாடியே எங்க காரைக்குடி பசங்க ரெண்டு மூணு பேராவது வந்து கேட்டுருவாங்க, "அண்ணே, இந்த வருசம் பழனி பாதயாத்திரைக்கு கேமராவோட வரலாம்னு இருக்கேன், எந்த பை வாங்கட்டும்?"னு. குன்றக்குடியில காவடி கெளம்புனா சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல்னு பழனி போய்ச் சேர்ற வரைக்கும் நாள்கணக்குல நடை, அதுல கூடவே நடந்து படம் எடுக்கணும்ங்கறது எனக்கும் பல வருசம் இருந்த ஆசைதான், அதனால யாரு கேட்டாலும் உக்கார வச்சு பொறுமையா சொல்லுவேன். எந்த பைங்கறது மூணாவது கேள்வி. முதல் கேள்வி, எடை உங்க உடம்புல எங்க உக்காருது. ரெண்டாவது, அந்த எடையில எவ்வளவு உங்களுக்குத் தேவையே படாது. இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சுட்டா பை தானா முடிவாயிரும்.

நான் முதல் தடவ போனப்ப இதெல்லாம் யாரும் சொல்லல. கேமரா பாக்ஸுக்குள்ள வந்த அந்த மெல்லிசான ஸ்ட்ராப்ப கழுத்துல மாட்டிக்கிட்டேன், கேமரா கேனான் 5டி மார்க் 4, அதுல 24-70 எஃப் 2.8 லென்ஸ், தோள்ல ஒரு பக்கமா தொங்குற பையில தூரத்துல இருக்குறத கிட்ட இழுத்துக் காட்டுற 70-200 லென்ஸ். முத நாள் மத்தியானமே கழுத்துக்குப் பின்னாடி எரிய ஆரம்பிச்சிருச்சு, ராத்திரி தங்குன எடத்துல மல்லாந்து படுக்க முடியல. மறுநாள் விடியக்காலையில பனி எறங்கியிருக்கு, வரிசையா காவடி போவுது, மயில்தோகையெல்லாம் லேசா நனைஞ்சு கெடக்கு, எதுக்காக வந்தேனோ அந்தப் படம் கண்ணு முன்னாடி நடந்து போவுது, கேமரா பைக்குள்ள கெடக்கு, எடுத்து கழுத்துல மாட்டவே மனசு வரல. வலிங்கறது வெறும் வலியோட நிக்காது, படம் எடுக்குற ஆசையவே கொன்னுரும், அதனாலதான் இத இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

இப்ப கணக்க பாருங்க. அந்த பாடி, அதாவது லென்ஸ் இல்லாம கேமரா மட்டும், பேட்டரி கார்டோட 890 கிராம், 24-70 லென்ஸ் 805 கிராம், ஆக கழுத்துல தொங்குனது 1,695 கிராம். ரெண்டு கிலோ கூட இல்ல. ஆனா எங்க அப்பத்தா ஊருணியில இருந்து பத்து லிட்டர் தண்ணி புடிக்கிற குடத்த இடுப்புல வச்சுக்கிட்டு, ஒரு கையால குடத்து கழுத்த வளைச்சுப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கைய வீசிக்கிட்டு பேசிட்டே நடந்து வருவாங்க. பத்து லிட்டர் தண்ணின்னா பத்து கிலோ, குடத்தோட எடை தனி. பத்து கிலோவோட பேசிட்டு நடக்கலாம், ஒன்னே முக்கால் கிலோவோட கழுத்த திருப்ப முடியாதுன்னா பிரச்சன எடையில மட்டும் இல்ல, எடை உக்கார்ற எடத்துலயும் இருக்குன்னு தானே அர்த்தம்.

இடுப்பு எலும்பு பெரிசு, கெட்டி, அதுக்குக் கீழ இருக்குறது உடம்புலயே பெரிய தசைங்க, தொடையும் பின்பக்கமும். அந்த தசைங்க எப்படியும் நம்ம உடம்ப தூக்கிட்டு நடந்துக்கிட்டே தான இருக்கு, கூட நாலு கிலோ வந்தா பெரிசா மொறைக்காது. கழுத்து அப்படி இல்ல. தலைய புடிச்சு நிறுத்துறதுதான் அதோட வேல, தலையே நாலஞ்சு கிலோ இருக்கும். அதுல பின்பக்கமா ஒரு ஸ்ட்ராப்ப, அதாவது வார மாட்டி முன்பக்கமா எடைய தொங்கவிட்டா தலை முன்னாடி சாயும், சாயுற தலைய பின்னாடி இழுத்துப் புடிக்கறதுக்கு கழுத்துல இருந்து தோளுக்கு வர்ற தசை நாள் பூரா இறுகியே இருக்கணும், ஓய்வே கெடையாது. இறுகி இருக்குற தசைக்கு ரத்த ஓட்டம் கொறையும், அதுதான் அந்த எரிச்சல்.

வாரோட அகலமும் முக்கியம். மளிகைக்கடையில இருந்து மூணு கிலோ சாமான பிளாஸ்டிக் கவர்ல தூக்கிட்டு வந்தா விரல் செவந்து கோடு விழுகும், அதே சாமான மஞ்சப்பையில தூக்குனா ஒன்னும் ஆகாது, அதேதான். எடை ஒன்னுதான், அது படுற பரப்பு கொறஞ்சா அழுத்தம் கூடிரும். அப்பறம் ஆட்டம். தொங்குற எந்த பொருளும் ஒவ்வொரு எட்டுக்கும் முன்னாடி போயி பின்னாடி வரும், ஒவ்வொரு தடவையும் அத நிறுத்துறதுக்கு உடம்பு கொஞ்சம் வேல செய்யுது, ஒரு நாளைக்கு எத்தன ஆயிரம் எட்டு வைக்கிறோம்னு நெனச்சுப் பாருங்க. அதோட எடை உடம்ப விட்டு எவ்வளவு தள்ளி இருக்கோ அவ்வளவு இழுக்கும். கைய நீட்டி ஒரு செங்கல்ல புடிச்சுப் பாருங்க, அதே செங்கல்ல நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுப் பாருங்க, நான் சொல்ற மொத்த விசயமும் அதுலயே இருக்கு. ஒட்டி இருக்கணும், ஆடாம இருக்கணும், முடிஞ்ச அளவு கீழ எறங்கி இடுப்புல உக்காரணும்.

கானாடுகாத்தான்ல ஒரு பழைய வீட்டுல வேல நடக்கறப்ப படம் எடுக்கப் போயிருந்தேன், அங்க சித்தாள் வேல பாத்த ஒரு அக்கா சுண்ணாம்புக் கலவை சட்டிய தலையில தூக்கிட்டுப் போறாங்க, அதுக்கு முன்னாடி பழைய சேலத் துணிய முறுக்கி வட்டமா சுத்தி சும்மாடு வச்சாங்க. அத வைக்கறதுக்கு எடுத்துக்கிட்ட நேரம் சட்டிய தூக்குன நேரத்த விட அதிகம். ஒரு தடவ வச்சுப் பாத்துட்டு, எடுத்துப் பிரிச்சு, திரும்ப முறுக்கி, நடு உச்சியில சரியா வச்சு தலைய லேசா ஆட்டிப் பாத்துட்டுதான் சட்டிய ஏத்துனாங்க. சும்மாடு அழுத்தத்தப் பரப்புது, சட்டி நேரா முதுகுத்தண்டு மேல நிக்குது, முன்னாடியும் இழுக்கல பின்னாடியும் இழுக்கல. அந்த அக்கா என்னப் பாத்து, "கழுத்துல மாட்டிருக்கீங்களே தம்பி, இழுக்காதா?"ன்னு கேட்டாங்க. இழுக்குதுக்கான்னு சொன்னேன். சுமக்குறவங்களுக்கு தெரிஞ்ச இந்த விசயத்தத்தான் மலையேற்ற பை செய்யறவங்களும் வாரு, பக்கிள், ஸ்பான்ஜ்னு செஞ்சு விக்கிறாங்க.

சரி, என்னென்ன வழி இருக்குன்னு பாப்போம்.

கழுத்து ஸ்ட்ராப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம். கல்யாண வீட்டுல அங்கயும் இங்கயும் நிக்கறதுக்குப் போதும், நடைக்கு ஆகாது. அத அப்படியே கழட்டி ஒரு தோள்ல மட்டும் தொங்க விடுறதும் அதே கதைதான், வழுக்காம இருக்கறதுக்காக நமக்கே தெரியாம அந்தத் தோள தூக்கிப் புடிச்சுக்கிட்டே நடப்போம், சாயங்காலம் பாத்தா ஒரு பக்கம் மட்டும் கல்லு மாதிரி இருக்கும்.

ஸ்லிங் ஸ்ட்ராப்புங்கறது பூணூல் மாதிரி குறுக்க மாட்டுறது, பிளாக்ராபிட் மாதிரி கம்பெனிங்க செய்யறாங்க, கேமரா அடியில டிரைபாடு, அதாவது முக்காலி மாட்டுறதுக்கு இருக்குற ஓட்டையில ஒரு திருகு போட்டு அதுல தொங்கும், கேமரா தலைகீழா இடுப்புப் பக்கம் கெடக்கும், வேணும்னா வார்லயே வழுக்கி மேல கண்ணுக்கு வந்துரும். ஊருக்குள்ள தெருத்தெருவா சுத்தி எடுக்கறதுக்கு எனக்கு இன்னிக்கும் புடிச்சது இதுதான், கழுத்துக்கு எடையே போவாது, வாரும் அகலம். ஆனா ரெண்டு கொற இருக்கு. ஒன்னு, எடை பூரா ஒரே தோள்லதான், காவடித்தண்டு மாதிரி ரெண்டு பக்கமும் சமம் கெடையாது, அதனால ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ தோள மாத்தணும். இன்னொன்னு, குனிஞ்சா கேமரா முன்னாடி வரும். ஆத்தங்குடியில தரையில பதிக்கிற கல்லு செய்யற எடத்துல நின்னுட்டு இருந்தேன், கண்ணாடிப் பலக மேல அச்ச வச்சு கலர் கலவைய கரண்டியால ஊத்திட்டு இருந்தாரு ஒரு அண்ணன், பூ டிசைன் அப்பதான் நெறஞ்சு வருது, நான் கிட்ட பாக்கலாம்னு குனிஞ்சேன், கேமரா சரிஞ்சு வந்து அச்சுல இடிச்சு, செவப்பும் பச்சையும் ஒன்னா கலந்து போச்சு. அந்தக் கல்லுக்கு காசு குடுத்துட்டு வந்தேன், அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. அதுல இருந்து ஸ்லிங்ல அசையாம நிறுத்துற பூட்டு இருக்கான்னு பாத்துத்தான் அடுத்தவங்களுக்கே சொல்றேன், இல்லாட்டி குனியறதுக்கு முன்னாடி ஒரு கை கேமரா மேல போயிரணும். செட்டிநாட்டு வீட்டுக்குள்ளயும் அப்படித்தான், வாசல்படி உசரம், நிலைக்கதவு, பட்டாலையில கருங்கல் தூணு, திரும்புற எடமெல்லாம் இடிக்கும். நம்ம லென்ஸுக்கு ஆவறத விட அந்த வீட்டுக்காரங்க தூணுல ஒரு கீறல் விழுந்தா நமக்குத்தான் மனசு கேக்காது.

ஸ்லிங் போடறவங்க திருகப் பத்தி ஒரு விசயம் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். கேமரா அடியில மாட்டுறது கால் இஞ்ச் திருகு, நடக்குற அதிர்வுல அது கொஞ்சம் கொஞ்சமா லூஸாவும், லூஸாவறது கண்ணுக்குத் தெரியாது. டீ குடிக்க நிக்கிறப்பெல்லாம் விரலால ஒரு முறுக்கு முறுக்கிப் பாத்துருங்க, அது போக கேமரா பக்கவாட்டுல ஸ்ட்ராப்பு மாட்டுற காதுல இருந்து ஸ்லிங்குக்கு ஒரு சின்ன நாடாவ தனியா கட்டிவிட்டா திருகு கழண்டாலும் தரையில விழாது. 70-200 மாதிரி கனமான லென்ஸ் மாட்டியிருந்தா பாடியில தொங்கவிடாதீங்க, டிரைபாடுல மாட்டுறதுக்கு லென்ஸ்லயே இருக்குற கால்லதான் மாட்டணும், இல்லாட்டி அந்த லென்ஸோட 1,490 கிராமும் லென்ஸ் மாட்டுற வளையத்த நாள் பூரா இழுத்துக்கிட்டே இருக்கும்.

அடுத்தது கிளிப். பீக் டிசைன்காரங்க 2011ல கிக்ஸ்டார்ட்டர்ங்கற இணையதளத்துல ஜனங்ககிட்ட பணம் தெரட்டி கொண்டாந்த கேப்சர் கிளிப்புதான் இதுல பேர் வாங்குனது, இப்ப அதே மாதிரி நெறைய கம்பெனி செய்யுது. முதுகுப்பையோட தோள்வார்ல ரெண்டு உலோகத் தகட்ட வச்சு முறுக்கிட்டா, கேமரா அடியில போட்ட தட்டு அதுல சறுக்கி உள்ள போயி டக்குனு பூட்டிக்கும், பட்டன அமுக்குனா கையில வந்துரும். கேமரா நெஞ்சோட ஒட்டி நிக்கும், ஆடவே ஆடாது, ரெண்டு கையும் ஃப்ரீ. நீண்ட நடைக்கு இதுதான் எனக்கு சரிப்பட்டு வந்தது. ஆனா ஒன்ன மறந்துராதீங்க, கிளிப்பு இருக்குறது பையோட வார்ல, அதனால அந்த பைக்கு நல்ல இடுப்புப் பட்டை இருந்தாதான் எடை இடுப்புக்கு எறங்கும், காலேஜ் பையில கிளிப்பு மாட்டுனா தோள்வலி அப்படியேதான் இருக்கும். கேமரா இடதுபக்கம்னா தண்ணி பாட்டில வலதுபக்கம் வச்சு சமன் பண்ணிக்கங்க. ரொம்ப தடிமனா ஸ்பான்ஜ் வச்ச வார்ல கிளிப்பு பூட்டாது, பை வாங்குறதுக்கு முன்னாடி வச்சுப் பாத்துரணும். பெரிய லென்ஸ் இதுக்கு ஒத்துவராது, முட்டிய தூக்கி படி ஏறுறப்ப தொடையில இடிக்கும்.

ரெண்டு கேமரா வச்சு வேல செய்யறவங்களுக்கு காட்டன் கேரியர் மாதிரி நெஞ்சுல போடுற வெஸ்ட் இருக்கு, எடைய ரெண்டு தோளுக்கும் முதுகுக்கும் பிரிச்சுரும். நம்ம ஊரு வெயிலுக்கு அது சட்ட மேல இன்னொரு சட்ட, பங்குனி சித்திரையில நான் சொல்லவே மாட்டேன். இடுப்புல பெல்ட் கட்டி அதுல லென்ஸ் பை தொங்கவிடுறதும் உண்டு, லென்ஸ் மாத்தறதுக்கு நல்ல வசதி, குட்டிப் பைங்களா இருந்தா போதும்.

இப்ப முதுகுப்பை, இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, நல்ல பைய வாங்கி தப்பா மாட்டுறாங்க. கேமரா பைன்னு விக்கிறதுல பாதிக்கு இடுப்புப் பட்டைன்னு ஒரு நாடா மட்டும் இருக்கும், அது பை ஆடாம புடிக்கும், எடையத் தாங்காது. உங்களுக்கு வேண்டியது உள்ளங்கை அகலத்துக்கு ஸ்பான்ஜ் வச்ச பட்டை. மலையேற்றத்துக்கு விக்கிற சாதாரண பைய வாங்கி, உள்ள கேமரா வைக்கறதுக்குனு தனியா விக்கிற ஸ்பான்ஜ் பொட்டிய போட்டுக்கறது என்னோட வழி, நடக்கறதுக்குன்னே செஞ்ச பை முதுகுல நல்லா உக்காரும், எடையும் கம்மியா இருக்கும்.

முதுகு நீளம் பாத்து வாங்கணும், ஆளோட உசரம் பாத்து இல்ல. தலைய குனிஞ்சா கழுத்துக்கடியில ஒரு முட்டு தட்டுப்படும், அங்க இருந்து, ரெண்டு கையையும் இடுப்பு எலும்பு மேல வச்சா கட்டைவிரல் ரெண்டும் பின்னாடி பாக்குமே, அந்த மட்டம் வரைக்கும் டேப்பு புடிச்சு அளக்கச் சொல்லுங்க. அதுதான் உங்க அளவு. என் தங்கச்சிக்கு என் பை சரியாவே வரல, உசரம் கிட்டத்தட்ட ஒன்னுதான், அவளுக்கு முதுகு சின்னது தோளும் கம்மி, வாரு ரெண்டும் வெளிய வெளிய சரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பொண்ணுங்களுக்குன்னே வளைச்சு செஞ்ச வாரு வருது, அத வாங்குனதுக்கப்பறம்தான் அவ முழு நாள் நடந்தா.

மாட்டுற வரிசைய நிதானமா ஒரு தடவ செஞ்சு பாருங்க. எல்லா வாரையும் லூஸாக்கிருங்க. பைய முதுகுல போட்டு லேசா முன்னாடி குனிஞ்சு, தோள ஒரு குலுக்கு குலுக்கி பைய மேல ஏத்தி, இடுப்புப் பட்டைய கட்டுங்க. பட்டையோட நடுப்பகுதி இடுப்பு எலும்போட மேடு மேல வரணும், தொப்புளுக்கு மேல வயித்துல இல்ல, பேன்ட் பெல்ட் போடுற எடத்துக்குக் கீழயும் இல்ல. இறுக்கமா இழுத்ததும் நிமிந்து நில்லுங்க, அந்த நிமிசமே எடை கீழ உக்கார்றது தெரியும். அப்பறம் தோள்வார் ரெண்டையும் முதுகோட ஒட்டுற அளவுக்கு மட்டும் இழுங்க, தோளுக்கும் வாருக்கும் நடுவுல ரெண்டு விரல் சுளுவா போகணும், போகலைன்னா எடை திரும்ப தோளுக்கு வந்துருச்சுன்னு அர்த்தம். தோளுக்கு மேல பைக்குப் போற குட்டி நாடா ரெண்டு இருக்கும், அது எதுக்குன்னே நெறைய பேருக்குத் தெரியாது, அத லேசா இழுத்தா பையோட தலை பின்னாடி சாயாம முதுகோட வந்து ஒட்டும். கடைசியா நெஞ்சுவார், மூச்சு விட சிரமமில்லாத அளவுக்கு. ஒரு மணி நேரம் நடந்தா பட்டை எறங்கிரும், திரும்ப இதே வரிசையில கட்டுங்க.

பைக்குள்ளயும் கனமானது முதுகோட ஒட்டி நடுவுல வரணும். பெரிய லென்ஸ வெளிப்பக்கம் வச்சா பை பின்னாடி இழுக்கும், அத சமாளிக்க நீங்க முன்னாடி கூனிக்கிட்டே நடப்பீங்க. டிரைபாட வெளிய தொங்கவிட்டாலும் இதேதான், கட்டாயம் வேணும்னா ஒரு பக்கமா பையோட ஒட்டிக் கட்டி மறுபக்கம் தண்ணி வச்சுருங்க.

எவ்வளவு எடை தூக்கலாம்னா, ஒரு நாள் நடைக்கு மலையேறுறவங்க சொல்ற கணக்கு, உடம்பு எடையில பத்துல ஒரு பங்கு. 65 கிலோ ஆளுக்கு 6.5 கிலோ, பை, தண்ணி, மாத்துத்துணி எல்லாம் சேத்து. பையே ஒன்றரை கிலோ வரும், ரெண்டு லிட்டர் தண்ணி ரெண்டு கிலோ, அப்ப துணிக்கும் கேமராவுக்கும் சேத்து மூணு கிலோதான் மிச்சம். என்னோட பழைய செட்டு, பாடியும் 24-70ம் 70-200ம் சேத்து 3,185 கிராம். இப்ப நான் அதே பாடியில அகலமா எடுக்குற 16-35 எஃப் 4 லென்ஸ் போட்டு, பாக்கெட்ல சின்ன 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வச்சுக்கறேன், லென்ஸ் ரெண்டும் 615, 160 கிராம், பாடியோட மொத்தம் 1,665 கிராம்தான் வருது, கிட்டத்தட்ட பாதி. இந்த ஊருக்கு இதுவே சரியா இருக்கு, முகப்புல இருந்து வளவுங்கற உள்முத்தம் தாண்டி அடுத்த தெரு வரைக்கும் நீண்டு போற வீட்ட எடுக்க அகலம் வேணும், திண்ணையில உக்காந்திருக்கிற ஆச்சிய எடுக்க அம்பது எம்எம் போதும். 70-200 இல்லாம ஒரு நாலு படம் தவறும், உண்மதான், ஆனா கழுத்து இறுகிப் போயி தவறவிட்ட படங்கள நான் எண்ணியே முடிக்க முடியாது. பாதயாத்திரையில தண்ணியும் அவ்வளவு சுமக்க வேண்டாம், வழி நெடுக தண்ணீர்ப்பந்தலும் அன்னதானமும் இருக்கு, அரை லிட்டர் பாட்டில் போதும், அதுலயே ஒன்றரை கிலோ கொறஞ்சுருது. செருப்பில்லாம நடக்கறவங்களுக்கு ஒவ்வொரு கிலோவும் உள்ளங்கால்லதான் முதல்ல தெரியும், அதனால இன்னும் கொறைங்க.

வெயிலையும் வேர்வையையும் விட்டுரக் கூடாது. தோள்வாருக்கு அடியில வேர்வை தேங்கி உப்பு படிஞ்சு, அதுவே உரசி தோலு வழண்டுரும், ஒரு மெல்லிசான ஈரிழைத் துண்ட மடிச்சு கழுத்தச் சுத்திப் போட்டு அது மேல வாரு வர்ற மாதிரி செஞ்சா பாதி தப்பிச்சோம், சும்மாடு மாதிரியேதான் அதுவும். கருப்பு பை வெயில்ல கொதிக்கும், வெள்ளத் துண்டு ஒன்னு மேல போர்த்திருங்க. வீட்டுக்கு வந்ததும் பைய பிரிச்சு காத்தாட வைங்க, ஈர ஸ்பான்ஜுக்குள்ள கேமராவ பூட்டி வச்சா லென்ஸ்ல பூஞ்சை புடிக்கும். செம்மண் தூசி பக்கிளுக்குள்ள போயி இறுகிக்கும், பழைய டூத்பிரஷ் ஒன்னு போதும் அதுக்கு. கிளிப்பு, ஸ்ட்ராப்புக்கெல்லாம் கயிறு மாதிரி குட்டி கண்ணி வருமே, மேல்தோலு நைந்து உள்ள வேற கலர் தெரிய ஆரம்பிச்சா அன்னிக்கே மாத்திருங்க.

காசு செலவு பண்ண இப்ப முடியாதுன்னா பை தைக்கிற கடைக்குப் போங்க. நான் முத முதல்ல போட்ட நல்ல ஸ்ட்ராப்பு அப்படி தச்சதுதான், கார் சீட் பெல்ட் நாடா ரெண்டு மீட்டர், தோள்ல வர்ற எடத்துல நாலு விரல் அகலத்துக்கு ஸ்பான்ஜ் வச்சு ரெக்சின்ல மூடி, முனையில குறுக்கும் நெடுக்கும் பெட்டி போட்ட மாதிரி தையல். தச்சுக் குடுத்த பாய் அதுல ஒரு அம்மிக்குழவிய கட்டித் தொங்கவிட்டு, ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னு சொல்லிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சுப் போனேன், தையல் ஒரு இழை கூட விடல, அதுக்கப்பறம்தான் கையில குடுத்தாரு.

கெளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒத்திகை நடை ஒன்னு வச்சுக்கங்க. கேமராவ வீட்டுலயே வச்சுட்டு அதே எடைக்கு அரிசிய கட்டி பையில போட்டு, பிள்ளையார்பட்டியில இருந்து குன்றக்குடி வரைக்கும் காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போயிட்டு வாங்க. எங்க உரசுது, எந்த வாரு எறங்குது, எந்தப் பக்கம் சாயுதுன்னு வர்ற வழியிலயே தெரிஞ்சுரும். எங்க உரசுச்சோ அங்க துண்டு, எங்க எறங்குச்சோ அங்க நாடாவுல ஒரு முடிச்சு. மறுநாள் எந்திரிச்சதும் முதல்ல கழுத்த ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க, வலிச்சா அரிசியில அரைக்கிலோ கொறைச்சுட்டு திரும்பவும் ஒரு தடவ நடங்க.